யாரும் ஓட்டாத இசைத்தட்டு



‘கொரிய இளைஞர் இசைக்குழுக்களும் அவர்களின் ஆல்பம் வெளியீடுகளும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு முன் வரிசைப் பெரியவர்கள் சிலர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பின் வரிசைப் பிள்ளைகளோ சந்தேகமாகப் பார்க்கிறார்கள். இவருக்கு என்ன தெரியும், பிடிஎஸ் ஏழு பேரின் பெயரையாவது ஒழுங்காகச் சொல்வாரா என்று. சொல்லிவிடுகிறேன். ஆர்எம், ஜின், சுகா, ஜே-ஹோப், ஜிமின், வி, ஜங்குக். (கைதட்டல்) சரி, இனி நிம்மதியாகப் பேசலாம்.

இந்தத் தலைப்பை நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துப் பள்ளிச் சிறுமியர் மூன்று பேர், பிடிஎஸ் குழுவை நேரில் பார்க்கக் கொரியாவுக்கே கிளம்பிவிட்டார்கள். கையில் சில ஆயிரம் ரூபாய். கப்பல் ஏறிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. காட்பாடி ரயில் நிலையத்தில் கண்டுபிடித்து மீட்டார்கள். செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. செல்போனைத் திட்டியவர்கள் உண்டு. அந்தக் குழந்தைகளை அவ்வளவு தூரம் இழுத்தது எது என்று கேட்டவர்கள் குறைவு. நாம் கேட்போம்.

கேட்பதற்கு முன்னால் ஒரு பெட்டியைத் திறப்போம். கொரியக் குழுவின் ஆல்பம் என்றால் நாம் பழகிய மெல்லிய பிளாஸ்டிக் உறைக் குறுந்தகடு அல்ல. கல்யாண ஆல்பம் கனத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே வழவழப்பான தாளில் ஒரு படப் புத்தகம். பாடல் வரிகள் அச்சிட்ட ஏடு. மடித்த சுவரொட்டி. ஓரமாக, ஏதோ கடமைக்கு வைத்தது போல, குறுந்தகடு. அப்புறம் ஏடிஎம் அட்டை அளவில், முனை மழுங்க வெட்டிய ஒரு படம். அதுதான் ஃபோட்டோகார்டு. குழுவில் ஏழு பேர் இருந்தால் ஏழு பேரில் ஒருவர் படம் வரும். யார் படம் என்பது பெட்டியைப் பிரித்தால்தான் தெரியும். உங்களுக்கு ஜிமின் வேண்டும், வந்தது சுகா. என்ன செய்வீர்கள்? மாற்றிக்கொள்ள ஆள் தேடுவீர்கள். கிடைக்கவில்லை என்றால் இன்னொரு பெட்டி வாங்குவீர்கள்.

இது போதாதென்று ஒரே ஆல்பம் பல பதிப்புகளாக வரும். பிடிஎஸ் குழுவின் ‘லவ் யுவர்செல்ஃப்’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பரில் வந்த முதல் ஆல்பத்துக்கு நான்கு பதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து: எல், ஓ, வி, ஈ. 2018 மே மாதம் வந்ததற்கும் நான்கு: ஒய், ஓ, யு, ஆர். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்ததற்கும் நான்கு: எஸ், ஈ, எல், எஃப். பன்னிரண்டையும் வாங்கி அலமாரியில் வரிசையாக அடுக்கினால்தான் ஆல்பத்தின் தலைப்பு முழுதாகக் கூடும். பதினொன்றோடு எந்த ரசிகைக்காவது தூக்கம் வருமா?

இப்போது என் கேள்வி. குறுந்தகட்டை ஓட்டுகிற கருவி இன்று யார் வீட்டில் இருக்கிறது? இந்த மண்டபத்தில் கை தூக்குங்கள் பார்ப்போம். (சிரிப்பு) இரண்டு பேர். கொரியாவிலும் நிலைமை இதுதான். அங்கே நுகர்வோர் முகமை 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. குறுந்தகட்டில் பாட்டுக் கேட்கிறேன் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஆறு பேரைக்கூட எட்டவில்லை. உள்ளே இருக்கும் பொருட்களைச் சேர்க்கவே வாங்குகிறோம் என்றவர்கள் பாதிக்கு மேல். பாட்டை எல்லோரும் செல்போனில்தான் கேட்கிறார்கள். ஆனால் தட்டு விற்கிறது. விற்கிறதா? கொட்டோ கொட்டென்று விற்கிறது! 2013-இல் எக்ஸோ என்ற குழுவின் முதல் முழு ஆல்பம் 10 லட்சத்தைத் தாண்டியபோது, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இப்படியொரு விற்பனை என்று கொரியப் பத்திரிகைகள் கொண்டாடின. சரியாகப் பத்தே ஆண்டு. 2023 அக்டோபரில் செவன்டீன் குழுவின் ‘செவன்டீன்த் ஹெவன்’ முதல் ஒரே வாரத்தில் 50 லட்சத்தைத் தாண்டியது. உலகமெங்கும் குறுந்தகடு செத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் இது நடந்திருக்கிறது.

கேட்பதற்காக வாங்கவில்லை. பிறகு எதற்காக?

இதற்கு விடை தேட 1992-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில், எம்பிசி தொலைக்காட்சியின் புதுமுக நிகழ்ச்சி ஒன்றில் மூன்று இளைஞர்கள் வந்து ஆடிப் பாடினார்கள். சியோ டாய்ஜி அண்ட் பாய்ஸ் என்று பெயர். அமெரிக்க ராப், கொரிய வரிகள், தொளதொளச் சட்டை. நடுவர்கள் அன்றைக்குப் போட்டதிலேயே குறைந்த மதிப்பெண் இவர்களுக்குத்தான். நடுவர்கள் கையில் அட்டை இருந்தது, நாட்டின் பிள்ளைகள் கையில் கேசட் இருந்தது. அந்தப் பாட்டு நாடு முழுக்க ஒலித்தது. அந்த நடுவர்களின் மதிப்பெண்ணை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள்.

இவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பெரியது. அந்நாளில் கொரியாவில் பாட்டு வெளிவரும் முன் வரிகளைத் தணிக்கைக் குழுவிடம் காட்ட வேண்டும். 1995-இல் இவர்களுடைய ஒரு பாட்டின் வரிகளை மாற்றச் சொன்னார்கள். சியோ டாய்ஜி மாற்றவில்லை. குரலையே எடுத்துவிட்டு, வெறும் வாத்திய இசையாக அந்தப் பாட்டை ஆல்பத்தில் வைத்தார். வரிகள் இல்லாத பாட்டு நாட்டையே பேச வைத்தது! ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1996 ஜூனில் முன்தணிக்கை முறையே ஒழிந்தது. ஆல்பம் என்பது வாங்கிக் கேட்கும் சரக்கு மட்டுமல்ல, அதற்காக நாமும் ஏதாவது செய்யலாம் என்பதைக் கொரிய ரசிகர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள் என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டு ஜனவரியிலேயே குழு கலைந்துவிட்டது. செப்டம்பரில் அடுத்த குழு வந்துவிட்டது. இங்கேதான் லீ சூ-மான் என்ற மனிதர் வருகிறார். நாட்டுப்புறச் சாயல் பாடல்கள் பாடிய பழைய பாடகர். அமெரிக்காவில் கணினி படிக்கப் போய், எம்டிவி பார்த்துத் திரும்பியவர். சியோ டாய்ஜி தானாக முளைத்தவர். லீ சூ-மான் விதைத்து வளர்க்க நினைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட நட்சத்திரம் பிடிக்கும் என்று விசாரித்தார். அதற்கேற்பப் பையன்களைத் தேடி எடுத்தார், ஆடப் பாடப் பழக்கினார், ஐந்து பேரை நிறுத்தினார். எச்.ஓ.டி. பிறந்தது. பல ஆண்டுப் பயிற்சி, கூட்டு விடுதி, கம்பெனி ஒப்பந்தம் என்று இன்று நாம் பார்க்கும் ஏற்பாடு முழுவதற்கும் முன்மாதிரி இவருடைய கம்பெனியான எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் போட்டதுதான். ஸ்ட்ரே கிட்ஸ் குழுவின் தலைவர் பாங் சான், வேறொரு கம்பெனியில் ஏழு ஆண்டு பயிற்சியிலேயே இருந்தார். ஏழு ஆண்டு! நம் ஊரில் அதற்குள் ஒரு பிள்ளை டாக்டராகிவிடும்.

எச்.ஓ.டி. ரசிகைகள் வெள்ளை பலூன் பிடித்தார்கள். போட்டிக் குழுவான செக்ஸ்கீஸ் ரசிகைகள் மஞ்சள் பலூன் பிடித்தார்கள். அரங்கில் எந்தப் பக்கம் எந்த நிறம் என்பது அன்றைக்குப் பெரிய மானப் பிரச்சினை. அந்த பலூன்தான் பிறகு லைட்ஸ்டிக் ஆயிற்று. இன்று ஒவ்வொரு குழுவுக்கும் தனி வடிவ விளக்கு. அரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே ஆயிரக்கணக்கான விளக்குகளை ஒன்றாக நிறம் மாற்றுகிறார்கள். மேடையில் பாடுகிறவர்களைப் போலவே, கீழே நிற்கிறவர்களும் நிகழ்ச்சியின் பகுதி.

இதெல்லாம் நமக்குப் புதிதா? முதல் நாள் முதல் காட்சிக்கு விடியற்காலையில் தோரணம் கட்டி, கட்-அவுட்டுக்குப் பாலூற்றி, தியேட்டர் வாசலைத் திருவிழாவாக்கியவர்கள்தாமே நாம்? நம் மன்றத்துத் தம்பிகளும் அந்த வேலையைக் கூலி வாங்காமல்தான் செய்தார்கள். ஆனால் ஒரு வேறுபாடு. நம் தம்பி ஊற்றிய பாலைக் கணக்கெடுத்து எந்தப் பட்டியலும் வரவில்லை. கொரியாவில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

எப்படி என்கிறீர்களா? ஓர் ஆல்பம் வெளியாகும் நாளைப் பார்ப்போம்.

கொரியாவில் பெரும்பாலான பாடல்கள் மாலை 6 மணிக்கு வெளியாகும். நமக்கு அப்போது மதியம் 2:30. முன்பு நள்ளிரவில் வெளியிட்டு, ரசிகர்கள் கண் விழித்துக் கேட்டு, விடிவதற்குள் பட்டியலில் முதலிடம் பிடித்துவிடுவார்கள். 2017-இல் பட்டியல் விதியை மாற்றினார்கள், வெளியீடு மாலைக்கு வந்தது. அமெரிக்கப் பட்டியலில் குறி வைக்கிறவர்கள் கொரிய நேரம் பகல் 1 மணிக்கு வெளியிடுவார்கள். அப்போதுதான் நியூயார்க்கில் நாள் பிறக்கும். பாட்டுக்கு நல்ல நேரம் குறிப்பவர் ஜோதிடர் அல்ல, பட்டியல்தான்.

வெளியீட்டுக்கு வாரக்கணக்கில் முன்பே டீசர் வரும், கால அட்டவணை வரும், ஒவ்வொருவர் படமாக வரும். புது ஆல்பத்தோடு மேடைக்குத் திரும்புவதற்கு கம்பேக் என்று பெயர். ஆறு மாதம் முன்புதான் மேடையில் பார்த்திருப்போம், இருந்தாலும் கம்பேக்தான். அந்த வாரம் இசை நிகழ்ச்சிகளுக்கு வரிசையாகப் போவார்கள். வியாழனன்று எம் கவுண்ட்டவுன், வெள்ளியன்று மியூசிக் பேங்க், சனியன்று மியூசிக் கோர், ஞாயிறன்று இன்கிகாயோ.

ஒளிபரப்பு மாலையில். ஆனால் பல பாடல்களின் பதிவு அதிகாலையிலேயே நடந்துவிடும். தொலைக்காட்சி நிலைய வாசலில் இருட்டோடு இருட்டாக ரசிகைகள் வரிசையில் நிற்பார்கள். சும்மா போய் நின்றுவிட முடியாது. புது ஆல்பத்தைக் கையில் காட்ட வேண்டும். பாட்டைக் காசு கொடுத்து இறக்கியதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். ரசிகர் மன்ற உறுப்பினர் அடையாளம் வேண்டும். லைட்ஸ்டிக் வேண்டும். எல்லாம் சரி பார்த்துக் கையில் எண் எழுதி உள்ளே விடுவார்கள். ஒரே பாட்டை மூன்று முறை, நான்கு முறை எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் இவர்கள் குரல் கொடுக்க வேண்டும். எந்த வரிக்குப் பின் எந்தப் பெயரைக் கூவ வேண்டும், எந்த இடத்தில் பாடகரோடு சேர்ந்து பாட வேண்டும் என்பதற்குக் கம்பெனியே வழிகாட்டிக் குறிப்பு வெளியிடும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். தொலைக்காட்சியில் பாட்டு ஒலிக்கும்போது பின்னால் கேட்கிறதே ஓர் ஆரவாரம், அது தற்செயலான கூச்சல் அல்ல. ஒத்திகை பார்த்த பின்பாட்டு!

பிறகு மதிப்பெண். இணையத்தில் எத்தனை முறை ஒலித்தது, எத்தனை தட்டு விற்றது, காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை ஓட்டு விழுந்தது, எல்லாம் கூட்டி ஒருவருக்குக் கோப்பை. வென்ற குழு அதே மேடையில் திரும்பப் பாட வேண்டும். பாட முடியாமல் அழுதுவிடுவதும் உண்டு. பிடிஎஸ் 2013 ஜூன் 13-ஆம் தேதி அறிமுகமானது. அவர்களுடைய பிக் ஹிட் அப்போது சின்னக் கம்பெனி. முதல் கோப்பை கிடைக்க 2015 மே வரை காத்திருந்தார்கள். அந்தக் கோப்பையை யார் வாங்கிக் கொடுத்தது? பாட்டு என்பார் கம்பெனிக்காரர். நாங்கள் என்பார் ரசிகை. இருவர் சொல்வதும் உண்மை.

என்னைக் கேட்டால், அந்தச் சிறுமியரைக் காட்பாடி வரை இழுத்து வந்தது வெறும் அழகு முகம் அல்ல. இங்கே ரசிகைக்கு வேலை இருக்கிறது. அவள் பாட்டை ஒரு தடவை கேட்டால் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது. அவள் ஓட்டுப் போட்டால் கோப்பை நகர்கிறது. பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையிடம், உன்னால் ஓர் உலகப் பட்டியல் அசைகிறது என்று வேறு யார் சொல்லியிருக்கிறோம்? வீட்டில் சொன்னோமா? பள்ளியில் சொன்னோமா?

அதற்காகப் பாட்டு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2018 மே மாதம் ‘லவ் யுவர்செல்ஃப்: டியர்’ அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கொரியக் குழு ஒன்றுக்கு அது முதல் முறை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘ஐடல்’ பாட்டைப் பாருங்கள். ஆப்பிரிக்கத் தாளச் சாயல், மேலே கொரியப் பான்சோரிக் கதைப்பாட்டில் அவையோர் போடும் பாராட்டுக் குரல்கள், காணொளியில் புக்சியோங் சிங்க ஆட்டம். ஆண்டு இறுதியில் மெலன் விருது மேடையில் அதே பாட்டுக்கு முன் ஜே-ஹோப் முரசு ஆட்டத்தோடு வந்தார், ஜிமின் விசிறி நடனம் ஆடினார், ஜங்குக் முகமூடிக் கூத்தில் இறங்கினார். பாப் பாட்டுக்காரப் பையன்கள் கிராமத்துக் கூத்தை ஐடல் மேடையில் ஏற்றினார்கள். அதை நான் வியாபாரம் என்று தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் வியாபாரத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். டிவிஎக்ஸ்கியூ என்ற ஐவர் குழு 2003 இறுதியில் வந்து ஆசியாவையே கலக்கியது. 2009 ஜூலையில் அதில் மூவர் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு தெரியுமா? பதின்மூன்று! ரசிகர்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துத் திரட்டி மனித உரிமை ஆணையத்திடம் போனார்கள். அந்த ஆண்டே அரசின் வணிக ஆணையம், ஏழு ஆண்டுக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்று மாதிரி ஒப்பந்தம் வகுத்தது. பிரிந்த மூவரும் ஜேஒய்ஜே என்று குழு அமைத்தும் பல ஆண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இடம் கிடைக்காமல் தவித்தார்கள். பெயர்கூடச் சொந்தமில்லை. பீஸ்ட் என்ற குழு கம்பெனியை விட்டு வந்தபோது பழைய பெயரை விட்டுவிட்டு ஹைலைட் என்று 2017-இல் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 2021-இல் காட்செவன் கம்பெனியை விட்டபோது பெயர் அவர்களோடு வந்தது. காலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

இன்னொன்று குப்பை. தேர்ந்தெடுத்த சிலரைச் சந்தித்துக் கையெழுத்துப் போடும் ஃபேன்சைன் நிகழ்ச்சிக்கு ஆட்களைக் குலுக்கலில் எடுப்பார்கள். எத்தனை ஆல்பம் வாங்குகிறீர்களோ அத்தனை சீட்டு. ஐம்பது, நூறு என்று வாங்கி, அட்டையை எடுத்துக்கொண்டு பெட்டியை என்ன செய்வது? 2024-இல் செவன்டீன் ஆல்பங்கள் டோக்கியோவின் ஷிபுயா தெருவோரத்தில் குவியலாகக் கிடந்தன, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று. ஆல்பம் தயாரிக்கக் கம்பெனிகள் பயன்படுத்திய பிளாஸ்டிக் 2017-இல் சுமார் 56 டன், 2022-இல் சுமார் 800 டன் என்று கொரியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கணக்கு. இதைக் கண்டித்து முதலில் குரல் கொடுத்தவர்கள் யார்? அரசா, ஆசிரியர்களா? ரசிகைகள்! கே-பாப் ஃபார் பிளானட் என்று 2021-இல் இயக்கம் தொடங்கி, வேண்டாத பெட்டிகளைத் திரட்டிக் கம்பெனி வாசலுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். இப்போது குறுந்தகடே இல்லாமல் சிறு அட்டையாக வரும் பதிப்புகளும் கடைக்கு வந்திருக்கின்றன. குலுக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. அது போனால்தான் குப்பை குறையும்.

கடைசியாக ராணுவம். கொரிய ஆண்கள் ராணுவச் சேவை செய்தே ஆக வேண்டும். தரைப்படையில் 18 மாதம். ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய கால்பந்து வீரருக்கு விலக்கு உண்டு. சர்வதேசப் போட்டியில் வென்ற பியானோக் கலைஞருக்கு உண்டு. பில்போர்டில் முதலிடம் பிடித்த பாப் பாடகருக்குக் கிடையாது. 2020-இல் சட்டத்தைத் திருத்தி முப்பது வயது வரை தள்ளிப்போட மட்டும் வழி செய்தார்கள். 2022 டிசம்பரில் ஜின் முதல் ஆளாகப் போனார். 2024 ஜூன் 12 அன்று திரும்பினார். அடுத்த நாள் குழுவின் பிறந்தநாள். சியோலில் ஆயிரம் ரசிகர்களை ஒவ்வொருவராக அணைத்து நன்றி சொன்னார். அருமையான எண்ணம். ஆனால் அந்த ஆயிரம் பேருக்கான குலுக்கலில் இடம் பெற ஆல்பம் வாங்கியிருக்க வேண்டும் என்று முதலில் அறிவித்தார்கள். அணைப்புக்குமா ரசீது? ரசிகர்கள் கொதித்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டு விதியைத் தளர்த்தியது.

அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. 2024 ஜூலையில் ஜிமினின் ‘மியூஸ்’ வெளியானது. அப்போது ஜிமின் படைவீரர். பாடல்களை முன்பே பதிந்து வைத்துவிட்டு 2023 டிசம்பரில் போய்விட்டார். இசை நிகழ்ச்சிகளுக்கு வர ஆளில்லை. விடியற்காலைப் பதிவு இல்லை. கையெழுத்துப் போட ஆளில்லை. கோப்பை வாங்க ஆளில்லை. டீசர் வந்தது, பெட்டி வந்தது, மணி அடித்தாற்போல் பகல் 1 மணிக்குப் பாட்டு வந்தது. மிச்ச வேலையை யார் பார்த்தார்கள்? அதிலிருந்த ‘ஹூ’ என்ற பாட்டு அமெரிக்கப் பட்டியலில் மாதக்கணக்கில் நின்றது. பாடகர் முகாமில் இருக்க, சாவோ பாவ்லோவிலும் ஜகார்த்தாவிலும் சென்னையிலும் யாரோ பிள்ளைகள் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒரு பெட்டி வந்திறங்கினால், ‘இதற்கு எவ்வளவு?’ என்று விலையைக் கேளுங்கள், தவறில்லை. கேட்டுவிட்டு, ‘உனக்கு யார் படம் வந்தது?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். (கைதட்டல்)

அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஷின்வா குழுவைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று மூன்றாவது வரிசையில் ஒரு தங்கை சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். 1998-இல் தொடங்கிய குழு, பெயருக்காகக் கம்பெனியோடு பல ஆண்டு மல்லுக்கட்டி 2015-இல் மீட்டார்கள், அம்மா. மற்றதைக் கேள்வி நேரத்தில் பேசுவோம். ஒலிவாங்கியைப் பின் வரிசைக்குக் கொடுங்கள்.